வாயுவுக்கு முன்னால் வரும் தண்ணீர்: மன்னார்குடி மீத்தேன் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

என் மேசையில் ஒரு லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) கட்டி இருக்கிறது. நெய்வேலியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கொடுத்தது. கைக்கு வந்த அன்று கரும்பழுப்பாக, ஈரக் களிமண்போலக் கனமாக இருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையின் உட்புறமெல்லாம் நீர்த்துளி. பையிலிருந்து எடுத்து வைத்தேன். மூன்று வாரத்தில், வேளச்சேரி வீட்டு ஃபேன் காற்றிலேயே மேலெல்லாம் கோடு கோடாக வெடிப்பு விழுந்துவிட்டது. இரண்டு மாதத்தில் ஓரங்கள் உதிர ஆரம்பித்தன. இப்போது தூக்கினால் பழைய கனம் இல்லை. தோண்டியெடுத்த நெய்வேலி லிக்னைட்டின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான்.

மன்னார்குடியில் என்ன நடந்தது என்று கேட்கிறவர்களிடம் முதலில் இந்தக் கட்டியைக் காட்டுகிறேன். அங்கே நிலத்துக்கடியில் இருப்பதும் லிக்னைட்தான். நான் நிலத்தடி நீர் ஆய்வு வேலையில் இருப்பவன். வாரத்தில் ஒருநாள் மாலை, சென்னையில் பொறியியல் மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். ஷேல் என்ற களிப்பாறையின் வாயு அல்லாத மரபுசாரா எரிவாயு பற்றி ஒரு நிகழ்வை எடுத்து ஆராயலாம் என்றபோது வகுப்பில் பாதிப்பேர் மன்னார்குடி என்றார்கள். அங்கே ஒரு கன மீட்டர் மீத்தேன்கூட வணிகத்துக்காக எடுக்கப்படவில்லை. நடக்காத திட்டத்தில் என்ன படிக்க இருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டார். நிறையவே இருக்கிறது. இந்த வகை வாயுக்களில் எதைத் தேடிப்போனாலும் முதலில் கையில் வருவது தண்ணீர். அந்தத் தண்ணீருக்குக் கணக்கு எழுதாமல் வாயுவுக்கு மட்டும் கணக்கு எழுதினால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு தமிழ்நாட்டில் இல்லை.

நடந்தது

நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு மத்திய அரசு 1997-ல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. நிலக்கரி வெட்டாமல், அதில் அடைந்திருக்கும் வாயுவை மட்டும் கிணறு போட்டு எடுப்பது நோக்கம். மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் தெற்குப் பகுதியில் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனம் 2007-ல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டில் அதுதான் முதல். நான்காவது ஏலச் சுற்றில் மன்னார்குடித் தொகுதியும் அதே நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2010-ல் ஒப்பந்தம். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் எழுநூறு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பரப்பு. 2011 தொடக்கத்தில் மாநில அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஆனது.

அப்புறம் ஊர் ஊராகக் கூட்டங்கள். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் கடைசி மாதங்களை இந்தத் திட்டத்துக்கு எதிரான பிரச்சாரத்தில்தான் கழித்தார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் காலமானபோதும் அந்த வேலையாகவே அங்கே போயிருந்தார். அதற்கு முன்பே, 2013 ஜூலையில், முதலமைச்சர் ஜெயலலிதா பணிகளை நிறுத்திவைத்து வல்லுநர் குழு அமைக்க உத்தரவிட்டிருந்தார். 2015-ல் திட்டத்துக்கு அனுமதியில்லை என்று மாநில அரசு முடிவாக அறிவித்தது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு உட்படப் புதிய எண்ணெய், எரிவாயுப் பணிகளுக்கு அந்த மண்டலத்தில் தடை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றைச் சட்டம் தொடவில்லை.

டெல்டாவுக்கு எரிவாயு புதிதல்ல. ஓ.என்.ஜி.சி. பல பத்தாண்டுகளாகக் காவிரிப் படுகையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. மன்னார்குடிக்குப் பக்கத்துத் திருமக்கோட்டையிலும், குத்தாலத்திலும் அந்த வாயுவில் மின்நிலையங்கள் ஓடியிருக்கின்றன. அவ்வளவு காலம் பெரிய எதிர்ப்பு இல்லாத இடத்தில் 2011-க்குப் பிறகு மட்டும் ஏன் இவ்வளவு கொதிப்பு? சிலர் அரசியல் என்றார்கள், சிலர் அறியாமை என்றார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. வாயு இருக்கும் விதமே மாறியிருந்தது. அதை மக்கள் தொழில்நுட்பப் பெயர் தெரியாமலே சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கோலி சோடாவும் நிலக்கரியும்

வகுப்புக்கு ஒரு கோலி சோடா வாங்கிக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மூடியிருக்கும்போது பாட்டிலுக்குள் ஒரு குமிழி கிடையாது, வெறும் தண்ணீர்போல நிற்கும். கோலியைக் கட்டைவிரலால் அழுத்தியதும் நுரைத்துக்கொண்டு வருகிறது. வாயு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேதான் இருந்தது. அழுத்தம் போனதும் வெளியே வந்தது.

வழக்கமான எரிவாயுக் கிணற்றில், மணற்கல்லின் துளைகளுக்குள் வாயு தனியாகவே திரண்டு நிற்கும். மேலே ஒரு மூடிப் பாறை. துளைத்தால் தன் அழுத்தத்திலேயே ஏறி வரும். முதல் நாளிலிருந்து வாயு, போகப்போகக் குறையும். நிலக்கரியில் அப்படி இல்லை. ஒரு கிராம் நிலக்கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் சுவர்களை விரித்தால் நூறு சதுர மீட்டரைத் தாண்டும். மீத்தேன் மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அங்கேயே பிடித்து வைத்திருப்பது, படுகையின் விரிசல்களில் நிற்கும் தண்ணீரின் அழுத்தம். பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டலம் என்று கணக்கு. 400 மீட்டர் ஆழத்தில் 40. அதுதான் இங்கே கோலி.

கோலியை அழுத்துவதற்கு இங்கே ஒரே வழி தண்ணீரை இறைப்பது. முதல் சில மாதங்கள், சில இடங்களில் ஒன்றிரண்டு வருடங்கள், கிணற்றில் பெரும்பாலும் தண்ணீர்தான் வரும். தண்ணீர் குறையக் குறைய வாயு கூடும். உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். ராணிகஞ்சில் எந்த இயற்பியலோ டெல்டாவிலும் அதே இயற்பியல்தான். ஆனால் ராணிகஞ்சில் இருப்பது முற்றிய நிலக்கரி, மன்னார்குடியில் இருப்பது லிக்னைட், இளசு. முற்றாத நிலக்கரியில் டன்னுக்கு வாயு குறைவாகவும் ஈரம் அதிகமாகவும் இருப்பது பொது வழக்கம்.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி எழுந்து கேட்டார்: “சார், அந்தத் தண்ணிய எறச்சா எங்க போருக்கு என்ன ஆகும்?”

இந்த நிகழ்வு முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. 2013-ல் அவருடைய ஊரில் பெரியவர்கள் கேட்டதும் இதையேதான்.

தண்ணீர்க் கணக்கு

கரும்பலகையில் இப்படி எழுதினோம். கிணறு ஒன்றுக்குத் தொடக்கத்தில் நாளைக்கு 50,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது மன்னார்குடியின் அளவு அல்ல, கணக்குக்காக எடுத்த எண். வெளிநாட்டு இளநிலக்கரிப் படுகைகளில் இது அசாதாரணமும் இல்லை. நூறு கிணறுகள் என்றால் நாளைக்கு 50 லட்சம் லிட்டர். மாணவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரி, வேறு மாதிரி சொன்னேன். 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது நினைவிருக்கிறதா? ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் அதை வரவேற்க அமைச்சர்களே நின்றார்கள். இந்த நூறு கிணறுகள் தினம் வெளியே தள்ளுவது அதுபோல இரண்டு ரயில்.

வகுப்பு அமைதியானது. அந்த வருடம் குடங்களோடு லாரிக்கு நின்ற பிள்ளைகள்தான் எல்லோரும். எங்கள் குடியிருப்பின் போர் அப்போது காற்றைத்தான் இழுத்தது.

ஆழ நீர் வேறு, போர் நீர் வேறு, கலக்காது என்று ஒரு பதில் உண்டு. சில படுகைகளில் அது சரியான பதிலும்கூட. நடுவில் தடித்த களிமண் அடுக்கு இருந்தால் கீழே இறைப்பது மேலே தெரியாமல் போகலாம். ஆனால் டெல்டாவில் லிக்னைட்டும், அதன் மேலும் கீழும் உள்ள மணற்கல் நீரடுக்குகளும் ஒரே காலத்துப் படிவுத் தொகுதியைச் சேர்ந்தவை. நெய்வேலி இதைப் பல பத்தாண்டுகளாக நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே லிக்னைட்டுக்கு அடியில் ஊற்றழுத்தத்தில் நிற்கும் நீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத் தரை வெடித்துக்கொண்டு தண்ணீர் மேலே வராமல் இருக்கும். நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீர், வீராணம் குழாயோடு சேர்ந்து, சென்னை வீடுகளுக்கும் வந்திருக்கிறது. சென்னைக்காரர்களில் பலர் லிக்னைட் படுகையின் பக்கத்துத் தண்ணீரைத் தெரியாமலே குடித்தவர்கள்.

அடுத்த கேள்வி, வெளியே வரும் தண்ணீர் எங்கே போகும்? அமெரிக்காவின் பவுடர் ரிவர் படுகையை இங்கே பார்க்க வேண்டும். வயோமிங், மொன்டானா மாநிலங்களில், மன்னார்குடியைப்போல இளநிலக்கரி. 1990-களின் கடைசியில் அங்கே ஆயிரக்கணக்கில் கிணறு போட்டார்கள். தண்ணீர் குடிக்கும் தரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் பல இடங்களில் ஓடையிலேயே விட்டார்கள். ஆனால் அதில் சோடியம் அதிகம். சோடியம் ஏறிய நீரைக் களிமண் நிலத்துக்குப் பாய்ச்சினால் மண் கட்டிதட்டும், தண்ணீர் உள்ளே இறங்காது, வேர் மூச்சு முட்டும். ஆற்றின் கீழ்ப்பக்கத்து மொன்டானா விவசாயிகள் வழக்குக்குப் போனார்கள். பின்னால் வாயு விலை விழுந்தபோது சில நிறுவனங்கள் திவாலாகி, மூடப்படாத கிணறுகளை அரசின் தலையில் விட்டுப் போயின. நம் கடைமடை மண்ணும் களிமண்தான். வாய்க்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. ஒரு ஊரில் விட்ட தண்ணீர் நாலு ஊர் வயலைத் தொடாமல் கடலுக்குப் போகாது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வேறு வழியில் போனது. சூரத் படுகையில் நிலக்கரி வாயுவைப் பெருமளவில் எடுத்து, கிளாட்ஸ்டோன் அருகே கர்டிஸ் தீவில் திரவமாக்கி, கப்பலில் ஏற்றுமதி செய்கிறார்கள். அங்கே சட்டப்படி, வாயு நிறுவனம் இறைப்பதால் பக்கத்து விவசாயியின் போர் பாதிக்கப்பட்டால் நிறுவனமே சரிசெய்து தர வேண்டும். ஆழப்படுத்தலாம், புதிது போடலாம், மாற்றுத் தண்ணீர் தரலாம், பணமாகவும் கொடுக்கலாம். எந்தப் போர் எப்போது பாதிக்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்கத் தனி அரசு அமைப்பு இருக்கிறது. நூற்றுக்கணக்கான போர்கள் பாதிக்கப்படும் என்று அந்த அமைப்பே வெளியிட்டிருக்கிறது. குறையில்லாத ஏற்பாடு அல்ல. 2016-ல் அங்கே காண்டமைன் ஆற்றில் குமிழியிட்ட வாயுவை ஒரு அரசியல்வாதி லைட்டரால் பற்றவைத்துக் காட்டிய காட்சி உலகம் முழுக்கப் போனது. அந்தக் குமிழிகள் எதனால் என்ற விவாதம் நீண்டதற்கு ஒரு காரணம், கிணறு போடுவதற்கு முன் ஆற்றில் எவ்வளவு குமிழி வந்தது என்பதற்குப் போதிய பதிவு இல்லாததுதான்.

மன்னார்குடியில் நான் மிகவும் வருந்துவதும் இதற்குத்தான். கிராமம் கிராமமாகப் போரின் ஆழம், கோடையில் நீர்மட்டம், உப்புத்தன்மை, நீரில் கரைந்திருக்கும் மீத்தேன் இவற்றை அளந்து ஊராட்சிப் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அப்புறம் திட்டம் பேசியிருந்தால், முடிவு இதேதான் என்றாலும் பேச்சு வேறு தரத்தில் இருந்திருக்கும். விவசாயி கேட்ட கேள்விக்கு எண்ணில் பதில் சொல்லியிருக்கலாம். திட்டம் வேண்டாம் என்ற முடிவை நான் சரி என்றே நினைக்கிறேன். இளநிலக்கரி, பின்னிய வாய்க்கால், கடலோர உப்புநீர் ஊடுருவல் மூன்றும் சேர்ந்த இடம் இந்த முறைக்குப் பொருந்தாது.

ஒரே உரிமம்

இதற்குப் பிறகு 2017-ல் நெடுவாசல் போராட்டம் வந்தது. அங்கே இருந்தது ஏற்கெனவே கண்டறியப்பட்ட சிறு எண்ணெய், எரிவாயு வயல், நிலக்கரி மீத்தேன் அல்ல. ஆனாலும் மீத்தேன், ஷேல், ஹைட்ரோகார்பன் மூன்றும் மக்கள் பேச்சில் ஒன்றாகவே புழங்கின. எங்கள் துறையில் பலர் இதைக் குழப்பம் என்று தள்ளினார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஹெல்ப் என்ற எண்ணெய், எரிவாயு ஆய்வு உரிமக் கொள்கையைப் படித்தேன். எண்ணெய், வழக்கமான வாயு, நிலக்கரி மீத்தேன், ஷேல், இறுகிய பாறை வாயு, ஹைட்ரேட் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். 2020 ஜனவரியில், ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புத் தேவையில்லாத வகையில் சுற்றுச்சூழல் விதியும் மாறியது. உரிமமே பிரித்துப் பார்க்காதபோது விவசாயி மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2023 ஏப்ரலில் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி உள்ளிட்ட டெல்டாவின் லிக்னைட் தொகுதிகள் இருந்தன. முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. படுகை அங்கேயேதான் கிடக்கிறது. கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

பள்ளிக்கரணையும் கொடுங்கையூரும்

அப்படியானால் வாயுவே வேண்டாமா என்று மாணவர்கள் கேட்டார்கள். சென்னைக்கு இப்போது வாயு கடல்வழி வருகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-ல் தொடங்கிய திரவ எரிவாயு முனையத்தின் திறன் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அத்தனையும் இறக்குமதி. உள்நாட்டில் வேறு வழி தேடுவது தவறில்லை. நிலக்கரி மீத்தேன் இன்றைக்கு நாட்டின் எரிவாயு உற்பத்தியில் சுமார் 2 சதவீதம்தான்.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையைக் கடக்கும்போது தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வாயு ஹைட்ரேட் தேடலில் அவர்களுக்குப் பெரிய பங்கு. ஹைட்ரேட் என்றால் தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டுபோலக் கட்டிக்கொண்டு உள்ளே மீத்தேனைப் பூட்டிவைத்த பனிக்கட்டி. கடலடியின் குளிரிலும் அழுத்தத்திலும்தான் நிலைக்கும். ஒரு கன மீட்டர் கட்டியைப் பிரித்தால் 164 கன மீட்டர் வாயு, கூடவே 0.8 கன மீட்டர் தண்ணீர். இங்கும் கோலி அழுத்தம்தான், இங்கும் தண்ணீர்தான் கூண்டு.

2006 ஏப்ரல் 28 அன்று ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளைக்கப்பல் இந்தியக் கடலில் தேடலைத் தொடங்கியது. 113 நாட்களுக்குப் பிறகு, ஆகஸ்ட் 19 அன்று, அந்தப் பயணம் சென்னையில் முடிந்தது. 21 இடங்கள், 39 துளைகள். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் கிடைத்தது. ஆனால் அது களிமண் விரிசலில் இருந்தது. களிமண் வழியாக வாயுவும் நீரும் எளிதில் நகராது. அதனால் 2015-ல் ஜப்பானின் சிக்யூ கப்பலோடு மறுபடி போய் மணல் அடுக்குகளைத் தேடினார்கள், கிடைத்தது. இருப்பைக் கண்டுபிடிப்பதைவிட எடுக்கும் வழிதான் கடினம். ஜப்பான் 2013-ல் நங்காய் பள்ளத்தில் ஆறு நாளில் சுமார் 1,20,000 கன மீட்டர் எடுத்தது, கிணற்றுக்குள் மணல் புகுந்து நின்றது. கூண்டு உடைந்ததும் மணலை ஒட்டிவைத்திருந்த பசையே போய்விடுகிறது, நீரும் மணலும் சேர்ந்து வருகின்றன. சீனா 2020-ல் தென்சீனக் கடலில் கிடைமட்டக் கிணறு போட்டு 30 நாளில் 8,61,400 கன மீட்டர் எடுத்தது. அதுவும் சோதனை அளவுதான். எங்கள் வகுப்பில் ஒருவருக்கு இதில் ஆராய்ச்சி செய்ய ஆசை வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அடுப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

கொடுங்கையூரில் கதை சின்னது, எனக்குப் பிடித்தது. அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு செரிக்கும்போது வரும் மீத்தேனில் எஞ்சின் ஓடி நிலையத்துக்கே மின்சாரம் தருகிறது. கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடியிலும் இதே முறை உண்டு. கொடுங்கையூரில் சுத்திகரித்த நீரை மேலும் வடிகட்டி, நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறனில் மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலை 2019-ல் வந்தது. வாயுவும் கிடைக்கிறது, தண்ணீரும் கணக்கில் கூடுகிறது. வாயுவின் அளவு சிறியதுதான். மரபுசாரா எரிவாயு பற்றிய அரசு அறிக்கைகளில் இதற்கு இன்னும் பெரிய இடம் கிடைக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

திருவாரூர் மாணவி அடுத்த வாரம் ஒரு நோட்டு கொண்டுவந்தார். அப்பாவிடம் போனில் கேட்டு எழுதியது. தெருவில் உள்ள பதினோரு போர்கள், ஒவ்வொன்றும் போட்ட வருடம், ஆழம், மோட்டார் இப்போது எத்தனை அடியில் தொங்குகிறது. “மூணு போர்ல மட்டும் அவங்களுக்கே ஞாபகம் இல்ல சார், கயிறு விட்டுத்தான் பாக்கணும்” என்றார். உப்பு அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை நான் கொடுத்தனுப்பினேன். முதல் அளவீடு பொங்கல் விடுமுறையில் முடிந்தது. அடுத்தது, ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கு முந்தைய வாரம்.